எட்டுப் பேரும் ஒரு கான்தோக்கும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் கட்சுனோரி அவர்களுக்கு,

ஷியோதே ஊரிலிருந்து தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் தோகிவா யசுஹெய் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. கடலிலிருந்து குளிர்காற்று கிளம்பிவிட்டது. கூரையும் நாங்களும் இதுவரை இருந்த இடத்தில்தான் இருக்கிறோம். தாங்களும் அண்ணியும் அங்கே ஹிமெஜியில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்றும், தங்கள் இடுப்பு தங்கள் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். போன இலையுதிர் காலத்தில் அனுப்பிய ஊறுகாய் நன்றாக இருந்தது. ஜாடியைத் திருப்பி அனுப்பவில்லை என்று தங்கள் தங்கை மிட்சுயோ தினமும் திட்டுகிறாள். ஜாடி உடைந்துவிட்டது. அதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தை அவள் படிக்காமலிருக்க வேண்டும்.

நிற்க. அன்றைக்குத் தாங்கள் போன் செய்தபோது நான் ஒரு தோளில் கேஸ் சிலிண்டரையும் மறு தோளில் போனையும் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். ஆகையால் பாதிதான் காதில் விழுந்தது. "மாப்ள, உங்க ஊர் ஸ்கூல்ல ஒரு கான்தோக்கு இருக்காராமே. நம்ம ஷூகோ அவர்கிட்டதான் சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். பையனுக்குக் கை நடுங்காது, கண்ணு நல்ல கண்ணு, கோணம் பிரமாதமா வருதுங்கறாங்க. ஆனா ஊரு விட்டு ஊரு அனுப்பணும். அந்த ஆளு யாரு, எங்கேருந்து வந்தாரு, இதுக்கு முன்னாடி என்ன கிழிச்சாருன்னு விசாரிச்சு எழுது. போன்ல சொல்லாதே, நீ விஷயத்துக்கு வர்றதுக்குள்ள என் பேட்டரி போயிடுது" என்றீர்கள். அது உண்மைதான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்தால் வருத்தப்படுவீர்கள். இதில் எனக்குச் சுயநலம் உண்டு. எங்கள் பள்ளி பேஸ்பால் அணியில் இப்போது எட்டே பேர். ஒன்பதாவதாக வலது மூலையில் நிற்பவன் பாண்டு வாத்தியக் குழுவில் டிரம் அடிக்கும் பையன். அவன் அப்பாவுக்கு மாற்றலாகி மார்ச்சில் ஊரைவிட்டுப் போகிறான். ஏப்ரலில் புதிதாகச் சேரப்போகிறவர்களில் ஓடக்கூடிய ஒரே ஒருவன் பிங்-பாங் ஆடுகிறவன். ஒன்பது பேர் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்துப் பள்ளிகளோடு சேர்த்துத் தைத்த ஒட்டுப்போட்ட அணியாகத்தான் கோடைப் போட்டிக்குப் போக முடியும். என் மகன் தைச்சிக்கு வருகிற கோடை கடைசிக் கோடை. தாங்கள் தங்கள் மகன் ஷூகோவை அனுப்பினால் தைச்சி தன் பள்ளியின் பெயரில் ஆடுவான், அனுப்பாவிட்டால் இல்லை. எனவே அணியைப் பழக்கும் இந்தக் கான்தோக்கைப் பற்றி நான் வாயில் வந்தபடி புகழ்ந்து எழுதியிருக்கலாம். அப்படித்தான் ஆரம்பித்தேன். மிட்சுயோ பின்னால் நின்று பார்த்துவிட்டு, "எங்க அண்ணனை ஏமாத்தினீங்க, பொங்கித் தின்ன வேண்டியது நீங்கதான்" என்றாள். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

இந்தப் பள்ளிக்கூட கான்தோக்குகள் எங்கிருந்து முளைக்கிறார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தீராத ஆச்சரியம். தலைமுடி வெட்ட ஒரு படிப்பு இருக்கிறது, கேஸ் சிலிண்டர் தூக்கக்கூட எனக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள், அதில் இரண்டாம் தடவைதான் தேறினேன். ஆனால் பதினாறு வயதுப் பையன்களை மொட்டையடிக்க வைத்து வெயிலில் ஓடவிடும் வேலைக்கு ஆள் எப்படி வருகிறது? எங்கள் சுற்றுவட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேர் சமூகவியல் வாத்தியார்கள். ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டே போர்களின் வருஷங்களைத் தப்பாகச் சொல்லிக்கொடுப்பவர்கள். நகரத்துத் தனியார் பள்ளியில் இருப்பவர் ஒரு காலத்தில் சம்பளத்துக்கு ஆடியவர். அப்படி ஆடியவர் பிள்ளைகளிடம் வரவேண்டுமென்றால் தனியாக வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டு அனுமதி வாங்கி வரவேண்டுமாம், காசு வாங்கிய கையைக் கழுவிவிட்டு வருவது போல. ஆற்றுமுகத்து விவசாயப் பள்ளிக்காரர் கோயில் குருக்கள். ஐந்தாவது சுற்றில் போன் வந்தால் போச்சு, யார் வீட்டிலோ சாவு. அங்கி எப்போதும் தண்ணீர்க் கூஜா பக்கத்தில் மடித்து வைத்திருக்கும், போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இன்னொருவர் படித்த காலத்தில் ஓர் ஆட்டம்கூட ஆட விடப்படாமல் மட்டைகளையே எண்ணிக்கொண்டிருந்தவர். வெகு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார். அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்த கண் அல்லவா. என்னையும் யாராவது அப்படி உட்கார வைத்திருந்தால் நானும் எங்கேயோ போயிருப்பேன். என்னை ஆட விட்டார்கள், அதுதான் கெட்டது. பந்து என்னை நோக்கி வரும்போதெல்லாம் அது பக்கத்தில் நிற்பவனுடையது என்று நினைத்து வழிவிட்டவன் நான்.

எங்கள் பழைய சமூகவியல் வாத்தியார் மாற்றலாகிப் போனபின் ஏப்ரலில் வந்தவர்தான் இந்த இவாகுரா. கட்டை குட்டையான ஆள், கழுத்தே கிடையாது, தோளிலிருந்து நேராகத் தலை. வந்த முதல் மாதம் பையன்கள் கையில் பந்தையே கொடுக்கவில்லை. மைதானத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். ஒவ்வொரு நாளும் எல்லாரும் வட்டமாக நின்று உடற்பயிற்சி செய்துவிட்டு, ஆளுக்கு ஆள் விரலை நீட்டி, "முதல் தளம், சரி! மட்டை, சரி! காலணிக் கயிறு, சரி!" என்று கத்த வேண்டும். பந்து வருவதற்கு முன் "பந்து வருது, சரி!" என்று கத்துகிறார்கள், அதற்குள் பந்து போய்விடுகிறது. ஒருவரையொருவர் பார்த்தால் வணக்கம் கிடையாது, "பத்திரம்!" என்றுதான் சொல்லவேண்டும். என் மகன் என்னைப் பார்த்துச் சாப்பாட்டு மேஜையில் "பத்திரம்!" என்றான், நான் சூப்பில் ஏதோ விழுந்துவிட்டது என்று கிண்ணத்தைத் தள்ளினேன். இதைவிட ஒன்று சொல்கிறேன். ஓடிவந்தவன் ஆட்டமிழக்கவில்லை என்று நடுவர் "சேஃப்" சொல்லி இரண்டு கையையும் விரித்தால் இவர் எழுந்து நின்று கைதட்டுகிறார். எந்த அணிக்காரன் சேஃப் ஆனாலும் தட்டுகிறார். எதிரணிக் கான்தோக்கு முதலில் கேலி என்று நினைத்து முறைத்தார், அப்புறம் பதிலுக்கு அவரும் தட்டினார்.

முடிவெட்டும் கடை தோபாஷி, "அது எதிராளியைக் குழப்புற வித்தைடா. பெரிய லீக்ல ஆடின ஆளு, பேரை மறைச்சுக்கிட்டு இங்க வந்து ஒளிஞ்சிருக்காரு. அந்தக் கழுத்தைப் பாரு" என்றான். "கழுத்தே இல்லையேடா" என்றேன். "அதான் சொல்றேன்" என்றான். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டேன். மைதான வேலிக்கு அந்தப் பக்கம் தினமும் ஒரு ஒல்லி ஆசாமி, தோள்வரை முடி, கேமராவை வைத்துக்கொண்டு பையன்கள் விரல் நீட்டுவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். எதிர்ப் பள்ளி அனுப்பிய உளவாளி என்று முடிவு கட்டி, மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திருப்பி அவர்மேல் பீச்சி விரட்டினேன். பிறகு விசாரித்தால் அவர் நம் பள்ளியிலேயே புதிதாக வந்த ஓவிய வாத்தியார் ஹொசோயாவாம். மன்னிப்புக் கேட்கப் போனேன், என்னைக் கண்டதும் கேமராவைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு ஓடிவிட்டார். அது கிடக்கட்டும்.

தாங்கள் கேட்ட பிறகுதான் முறையாக விசாரிப்போம் என்று தோன்றியது. இவாகுரா முன்பு மலைக்கு மேலே ஓகுகமி என்ற ஊரில் இருந்தார் என்று தெரியும். நல்லவேளையாக எங்கள் கேஸ் வியாபாரிகள் சங்கம் இந்த வருஷ வெந்நீர் ஊற்றுச் சுற்றுலாவை அந்தப் பக்கமே வைத்தது. மற்றவர்களெல்லாம் குளிக்கப் போனபோது நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். "இவாகுரான்னு ஒருத்தர்..." என்று ஆரம்பிப்பதற்குள் கடைக்கார அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கான்தோக்கா! எங்க கான்தோக்கைத் தெரியுமா உங்களுக்கு? நல்லா இருக்காரா? நேரத்துக்குச் சாப்பிடறாரா?"

"நல்லா இருக்காரும்மா. இப்ப எங்க ஊர்ல அவருதான் கான்தோக்கு."

"குடுத்து வெச்சவங்க. இங்க இருந்தப்ப எத்தனை பசங்க அவர்கிட்ட! எல்லாருக்கும் இங்கதான் சாப்பாடு. சோறு அண்டா அண்டாவா வடிப்பேன்."

"கண்டிப்பானவரோ?"

"தலையில தொப்பி இல்லாம வந்தா அன்னிக்கு வீட்டுக்குத்தான். ஆனா ஒருத்தன்மேல கை நீட்டினது கிடையாது."

"ஜெயிச்சாங்களா?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? முடியவே முடியாதுன்னாங்க எல்லாரும். இவருக்கு முன்னாடி வந்த ரெண்டு கான்தோக்கும் பாதியில விட்டுட்டு ஓடிட்டாங்க. இவரு முட்டி மோதி, தண்ணி அடிச்சாலும் விடாம, கடைசியில அந்தப் பக்கம் போயிட்டாரில்ல! அன்னிக்கு ஊரே அழுதுச்சு. சாகே பீப்பாயை உடைச்சோம்."

மச்சான், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பக்கம் என்றால் வேறென்ன, கோஷியென்தானே! நாடு முழுக்கப் பார்க்கும் பள்ளிப் போட்டி மைதானத்துக்கு இந்த மலைக்கிராமத்துப் பையன்களைக் கொண்டுபோயிருக்கிறார். எப்படி நமக்குத் தெரியாமல் போயிற்று என்றுகூட யோசிக்கவில்லை. கொஞ்சம் குடிப்பார் போலிருக்கிறது, தண்ணி அடித்தாலும் என்றாளே, பரவாயில்லை, பெரிய ஆட்களிடம் இதெல்லாம் இருக்கும் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

"எங்க மாமனாருகூட முதல் நாளே போயிட்டு வந்தாரு" என்றாள் அம்மாள்.

"மாமனாருமா? அவரு எந்த இடத்துல ஆடினாரு?"

"ஆடறதா? சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டுப் போனோம். சாகறதுக்குள்ள ஒரு தடவை அதுவழியாப் போகணும்னு ஆசைப்பட்டாரு. நீங்களும் அதுவழியாத்தானே வந்திருப்பீங்க?"

"எதுவழியா?"

"இதென்னய்யா, அவரு தோண்டினது வழியாத்தான்!"

அம்மாள் கையை நீட்டின திக்கில் பார்த்தேன். மலை. மலையின் வயிற்றில் ஒரு ஓட்டை. சுரங்கப்பாதை.

எவ்வளவோ பெரிய மொழி நம்முடையது, இதில் சொல்லுக்கு இப்படியொரு பஞ்சமா? பையன்களை ஓடவிடுகிறவரும் கான்தோக்கு. சிமெண்டும் ஜல்லியும் கொட்டும் இடத்தில் நின்று ஆட்களை மேய்க்கிறவரும் கான்தோக்கு. சினிமா எடுக்கிறவரும் கான்தோக்கு. எவனோ ஒருவன் மூன்று பேருக்கும் ஒரே தொப்பியைத் தைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், நாம் மாட்டிக்கொண்டு முழிக்கிறோம். திரும்பும் வழியில் பஸ் அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. சங்கத்து ஆட்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் ஜன்னலில் மூக்கை வைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. 'தண்ணி அடிச்சாலும்' என்று அவள் சொன்னது தோண்டும்போது பீறிட்ட மலைத் தண்ணீரை.

மறுநாள் நேராக மைதானத்துக்குப் போனேன். இவாகுரா மண்டியிட்டு மட்டப்பலகையை வைத்து மூன்றாம் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கான்தோக்கே இல்லையாமே!" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"யாரு சொன்னது? இருபது வருஷமா கான்தோக்கு" என்றார், தலையைத் தூக்காமல்.

"சுரங்கத்துக்கு!"

"ஓ, அதைச் சொல்றீங்களா" என்று எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "ஹெட்மாஸ்டர் எங்க ஊர் நகராட்சிக்குப் போன் பண்ணி, மைதானத்துல பசங்க நிக்கவே முடியல, ஒரு நல்ல கான்தோக்கு அவசரமா வேணும்னு கேட்டிருக்காரு. நான் வேலை முடிஞ்சு சும்மா இருந்தேன். அனுப்பிட்டாங்க. வந்து பாத்தா நெசமாவே தண்ணி முழங்கால் அளவு நிக்குது. நான் என்ன நெனைப்பேன்?"

"பசங்களைப் பாத்துமா தெரியல?"

"வரிசையா நின்னு தொப்பியைக் கழட்டி, 'கான்தோக்கு, தயவுசெஞ்சு பாத்துக்குங்க'ன்னு குனிஞ்சாங்க. இவ்வளவு மரியாதையான வேலையாளுங்களை நான் பாத்ததே இல்லை. மட்டை எதுக்குக் கொண்டாந்தாங்கன்னு மட்டும் புரியல. முளை அடிக்கன்னு நெனச்சேன். நல்லாத்தான் அடிச்சானுங்க."

"அப்ப எப்பதான் தெரிஞ்சுது?"

"முதல் ஆட்டத்துல நடுவரு வந்து ஒம்பது பேரு பேரை எழுதிக் குடுங்கன்னாரு. இந்த வாய்க்காலுக்கு எட்டுப் பேரே தாராளம்னேன்." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "நானும் ஹெட்மாஸ்டரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து மாறி மாறிக் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டோம். கடைசியில யாரை யாரு மன்னிச்சதுன்னே தெரியாம கலைஞ்சுட்டோம்."

"அப்பவே போயிருக்கலாமே?"

"வடிகால் பாதியில இருந்துச்சு."

"இப்ப முடிஞ்சிடுச்சே?"

"இப்ப பசங்க பாதியில இருக்கானுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மண்டியிட்டார்.

அதன் பிறகு விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்திருக்கிறார், மனுஷன் வெலவெலத்துப் போயிருக்கிறார். நம் ஆட்களுக்குக் காதில் ஊறிப்போனதால் தெரிவதில்லை, ஆட்டமிழந்தால் நாம் 'ஒரு சாவு', 'இரண்டு சாவு' என்றுதானே எண்ணுகிறோம்? ஒரே வீச்சில் இரண்டு பேர் போனால் 'ஜோடிக் கொலை'. தளத்தைத் 'திருடுவது' வேறு. "தோகிவா ஐயா, மலைக்குள்ள அத்தனை வருஷம் வேலை பாத்தேன், ஒரு சாவு கிடையாது. இங்க ஒரு ஆட்டத்துல ஒரு பக்கத்துக்கே இருபத்தேழு சாவா? இதையா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறது?" என்று என்னிடம் கேட்டார். என்னைக் கேட்டு என்ன செய்வது? சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்கச் சொன்னால் பார்ப்பேன்.

இப்போது தாங்கள் முடிவெடுக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் மாதம் மழை கொட்டித் தீர்த்தது. வட்டாரத்தில் எல்லா மைதானமும் குளம், எங்கள் மைதானம் மட்டும் காய்ந்திருந்தது. அதனால் மீன்வளப் பள்ளிக்காரர்கள் இங்கே வந்து ஆடினார்கள். வழக்கமாக அவர்கள் எங்களை அடிக்கும் அடியை எண்ண என் விரல் போதாது, ஆனால் அன்றைக்குக் கடைசிச் சுற்று வரை நாங்கள் மூன்று, அவர்கள் இரண்டு. எங்கள் பந்து வீசும் பையன் கிடாஜிமா ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஜெயித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அது பழக்கமில்லை. இரண்டு பேர் அவுட். இரண்டு தளத்தில் எதிராளி. அப்போது இவாகுரா எழுந்து போய் அவன் கையிலிருந்த பந்தை வாங்கினார். வேலியோரம் பெற்றோர் கூட்டம் கொந்தளித்தது. அதில் எல்லாரையும்விடப் பெரிய குரல் உங்கள் தங்கை வீட்டுக்காரனுடையது.

"கான்தோக்கு! என்ன பண்றீங்க? இன்னும் ஒரே ஒரு சாவுதான்!"

அவர் திரும்பிப் பார்த்தார். "ஒரு சாவும் வேண்டாம்" என்றார். "தோள் வலிக்குதுங்கறான். என் தளத்துல வலிக்குதுன்னு சொன்னவன் வேலையை நிறுத்திடணும்."

பந்து யார் கைக்கு வந்தது தெரியுமா? தைச்சி. அவன் என் ரத்தம். அவன் வீசிய முதல் பந்தே அடிபட்டு வேலியைத் தாண்டிப் போய் நிறுத்தியிருந்த என் கேஸ் வண்டிமேல் விழுந்தது. ஐந்துக்கு மூன்று, தோற்றோம். மூன்று நாள் நான் அந்த ஆளோடு பேசவில்லை. நாலாம் நாள் கிடாஜிமா வீட்டுக்குச் சிலிண்டர் போடப் போனேன். பையனின் அம்மா, "இன்னும் கொஞ்சம் வீசியிருந்தா கையைத் தலைக்கு மேல தூக்கவே முடியாமப் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு" என்று சொல்லி, நான் மறுக்க மறுக்க எனக்கு ஒரு மூட்டை பேரிக்காய் கொடுத்தாள். ஜெயித்திருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே அவ்வளவையும் வண்டியில் தின்றேன்.

ஆகவே மச்சான், கேட்ட கேள்விக்குப் பதில்: ஆள் யார்? சுரங்கம் தோண்டியவர். எங்கிருந்து வந்தார்? ஒரு போனில் தப்பாகக் கேட்டதிலிருந்து. இதற்கு முன் என்ன கிழித்தார்? ஒரு மலையை. பேஸ்பாலில் அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததைவிடக் குறைவு, அப்படி ஓர் ஆள் இருக்க முடியும் என்றே நான் நினைத்ததில்லை. உங்கள் பையனைக் கோஷியெனுக்குக் கொண்டுபோவாரா என்றால் மாட்டார். ஆனால் அனுப்பினபோது இருந்த அதே இரண்டு கையோடும் இரண்டு காலோடும் திருப்பி அனுப்புவார். ஷூகோ இங்கே வந்தால் மாடி அறை அவனுக்கு. சோறு போட மிட்சுயோ இருக்கிறாள், திட்டு வாங்க நான் இருக்கிறேன், பங்கு போட்டுக்கொள்ளலாம். வராவிட்டாலும் எங்களுக்குள் மனவருத்தம் வராது. தைச்சி ஒட்டுப்போட்ட அணியில் ஆடுவான், நான் எந்தப் பக்கம் கத்துவதென்று தெரியாமல் எல்லாருக்கும் கத்துவேன்.

அண்ணிக்கு என் பணிவான வணக்கம். ஷூகோவின் நடுங்காத கைக்கும் நல்ல கண்ணுக்கும் இந்த மாமாவின் ஆசிகள். தங்கள் இடுப்புக்கு மிளகாய்ப் பற்று போட்டுப் பாருங்கள், வலி போகாவிட்டாலும் கவனம் வேறு பக்கம் போகும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட
தோகிவா யசுஹெய்

பி.கு.: உறையை ஒட்ட நாக்கை நீட்டியிருந்தேன், மிட்சுயோ போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். தங்களோடுதான் பேசினாளாம். "ஏங்க, ஷூகோ ஆறாவதோட பந்தைத் தொடுறதை விட்டுட்டானாமே, உங்களுக்குத் தெரியாதா? அவனுக்கு சினிமாப் பைத்தியமாம். கேமராவைத் தூக்கிக்கிட்டு அலையறானாம். நம்ம ஸ்கூலுக்கு வந்திருக்கற ஓவிய வாத்தியாரு டோக்கியோவில படம் எடுத்தவராம், அந்தக் கான்தோக்கை விசாரிச்சு எழுதுன்னுதானே அண்ணன் உங்ககிட்ட சொல்லிச்சு?" என்கிறாள். "எந்த வாத்தியாரு? நான் தண்ணி பீச்சினேனே, அவரா?" என்றேன். "அவரேதான்" என்றாள். மேலே எழுதியது அத்தனையும் வேறொரு கான்தோக்கைப் பற்றியது, தயவுசெய்து படிக்காதீர்கள். ஜாடி விஷயத்தை முக்கியமாகப் படிக்காதீர்கள். நாளைக்கு ஹொசோயா வாத்தியாரிடம் போய் விசாரிக்கிறேன், நான் வருவதைப் பார்த்து அவர் ஓடாமலிருந்தால்.

ஆனாலும் மச்சான், ஒன்று யோசித்தேன். வலது மூலைக்குப் பந்து வருவது மாதத்தில் ஒரு தடவைதான். அங்கே நின்றால் மைதானம் முழுக்கத் தெரியும், கோணம் பிரமாதமாக வரும். ஒன்பதாவது ஆளாகப் பையன் அங்கே சும்மா நின்றபடி, எந்தக் காட்சியை எங்கிருந்து எடுப்பது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாமே? இவாகுராவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"தலைக்கு ஹெல்மெட் போட்டுப்பானா?"

போட்டுக்கொள்வான்தானே?